கடலின் பாலும் மீனின் திணையும்: ‘கிழவனும் கடலும்’ – ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

எர்னஸ்ட் ஹெமிங்வே 1952இல் வெளியிட்ட ‘கிழவனும் கடலும்’ என்னும் குறும்புதினம் எளிய ஆங்கிலத்தில் அமைந்தது. எனவே மொழிபெயர்ப்பதற்கும் எளிது என்று கருதுவோர் உண்டு. சொற்கள் எளியவை என்பது உண்மையே. ஆயினும், ஸ்பானிய மொழி பேசும் கியூபா மீனவர் ஒருவரின் நினைவோட்டத்தை ஆங்கிலத்தில் தரும் நூல் இது. மூலமே ஒருவகையில் மொழிபெயர்ப்பாக நிற்கிறது. பாய்மரப் படகில் தனித்துச் செல்லும் சாந்தியாகோ எதிர்கொள்ளும் கடலுயிர்களைத் தமிழில் எவ்வாறு பெயரிட்டழைப்பது என்னும் வினா, கலைச்சொல் பற்றியது மட்டுமன்று. நூலின் அறநோக்கையும் பற்றியது. நான்கு இடங்கள் இங்கு ஆராயப்படுகின்றன.

1. கடலின் பால்

ஸ்பானிய மொழியில் கடலைக் குறிக்கும் ‘மார்’ என்னும் சொல் இருபாலிலும் வழங்கும். கிழவர் அதனை ‘லா மார்’ எனப் பெண்பாலில் நினைக்கிறார். சுறா ஈரல் விற்ற பணத்தில் இயந்திரப் படகு வாங்கிய இளைஞர்கள் ‘எல் மார்’ என ஆண்பாலில் பேசுகின்றனர். பாய்க்கும் இயந்திரத்துக்கும் உள்ள வேறுபாடே இலக்கணப் பாலாக வெளிப்படுகிறது. தமிழில் கடல் அஃறிணை ஒன்றன்பால். நம் கடற்கரை வழக்கிலுள்ள ‘கடலம்மா’, ‘கடல்தாய்’ ஆகியவற்றை இங்கு எடுத்தாளத் தோன்றும். அது பொருந்தாது. கிழவரின் கடல் தாயல்லள். அருளை வழங்கவோ மறுக்கவோ வல்ல பெண். தாய் என்றவுடன் வழிபாட்டுணர்வு புகுந்துவிடுகிறது. ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே நிறுத்தி, அப்பத்தியில் ‘அவள்’ என்னும் பதிலியையும் பெண்பால் வினைமுற்றையும் ஆள்வதே தக்கது.

2. உடன்பிறப்பும் உணவும்

நூலில் வரும் ‘டால்பின்’ பாலூட்டியன்று. ‘டொராடோ’ எனப்படும் பொன்னிற மீன். பறவைக்கோலாக்களைத் துரத்துவதும், கிழவர் பிடித்து அறுத்துப் பச்சையாகத் தின்பதும் இதனையே. இரவில் படகருகே மூச்சுவிட்டு விளையாடும் பாலூட்டிகளுக்கு ஆசிரியர் ‘போர்ப்பஸ்’ என்னும் வேறு சொல்லை ஆள்கிறார். கிழவர் அவற்றை உடன்பிறப்புகள் என்கிறார். அகராதியை நம்பி இரண்டையும் ‘ஓங்கில்’ எனப் பெயர்த்தால், உடன்பிறப்பென்று கொண்டாடிய உயிரையே அவர் அறுத்துத் தின்பதாகிவிடும். அன்பு செலுத்திய உயிரைக் கொல்லுதல் இந்நூலின் மையப் பொருள்தான். ஆனால் அது மார்லின் மீனிடத்து ஆசிரியர் திட்டமிட்டு வைத்த முரண். அகராதியால் விளையும் முரணாகக் கூடாது. முன்னதைப் ‘பொன்மீன்’ என்றோ ‘டொராடோ’ என்றோ குறித்து, ‘ஓங்கில்’ என்பதைப் பின்னதற்கே ஒதுக்கலாம்.

கருவிப் பெயருக்குத் தமிழில் பஞ்சமில்லை. திமிலில் சென்ற பரதவர் கோட்டுமீன்மேல் வீசிய கருவியைக் குறுந்தொகையின் 304ஆம் பாட்டு ‘எறியுளி’ என்கிறது. கிழவர் மார்லினைக் கொல்லும் கருவிக்கு இதனினும் பொருத்தமான சொல் இல்லை.

3. அதுவா, அவனா?

பதினெட்டடி நீளமுள்ள அந்த மார்லின் கிழவரின் படகைவிட இரண்டடி நீண்டது. மூலம் அதனை ஆண்பால் பதிலியால் சுட்டுகிறது. விலங்குகளை அவ்வாறு சுட்டுவது ஆங்கிலத்தில் இயல்பு வழக்கு. தமிழில் ‘அவன்’ என்பது திணை வழு. எனினும் உவப்பினால் வரும் திணை மயக்கத்தை நன்னூல் வழுவமைதியாக ஏற்கிறது. ஆதலால் ஆசிரியர் கூற்றில் ‘அது’ என்றும், கிழவரின் பேச்சிலும் எண்ணத்திலும் ‘அவன்’ என்றும் பகுத்து ஆளலாம். கூற்றும் எண்ணமும் அடையாளமின்றிக் கலந்தோடும் இந்நடையில், எது யாருடைய குரல் என்பதைப் பதிலியே காட்டிவிடும். மூலத்தில் இல்லாத இவ்வசதியைத் தமிழ் தருகிறது.

4. எழுவாயா, பயனிலையா?

இறுதியில், கரையோரம் கிடக்கும் பெரிய முதுகெலும்பைக் கண்டு சுற்றுலா வந்த பெண் ஒருத்தி அது என்ன என்று வினவுகிறாள். உணவகப் பணியாளர் ‘திபுரோன்’ என ஸ்பானியத்திலும், பின்னர்த் திரிந்த ஆங்கிலத்திலும் ‘சுறா’ என்கிறார். சுறாக்கள் செய்ததை விளக்க முற்பட்ட முதற்சொல் அது. அவளோ அவ்வெலும்பே சுறாவினுடையது என்று கொள்கிறாள். பணியாளர் எழுவாயாகத் தொடங்கியதை அவள் பயனிலையாகக் கொண்டதே இப்பிழைக்கு அடிப்படை. தமிழில் பெயர்ப் பயனிலைக்கு இணைப்பு வினை வேண்டாவாகையால், ‘சுறா…’ என்னும் தனிச்சொல் இரு பொருளுக்கும் இயல்பாகவே இடந்தரும். தெளிவு கருதி ‘சுறாக்கள் தின்றுவிட்டன’ என்று மொழிபெயர்ப்பாளர் முடித்துவைத்தால் முடிவே சிதைந்துவிடும்.

கிழவர் மூன்று நாள் கடலில் பட்டதனைத்தும், மொழி கடவாத ஒரு சொல்லால், கரையிலிருப்போருக்கு எட்டாமற் போகிறது. மொழிபெயர்ப்பின் தோல்வியில் முடியும் நூல் இது. இதனைத் தமிழாக்குவோர் அத்தோல்வியைச் செம்மையாகப் பெயர்த்தளித்தல் வேண்டும், திருத்திவிடுதல் கூடாது.