மோதல் பாடத்தில் கேட்கப்படாத கேள்வி

பிளஸ் ஒன் இயற்பியலில் 'வேலை, ஆற்றல், திறன்' பாடத்தின் இறுதியில் மோதல்கள் வருகின்றன. தேர்வுக்கு எதைப் படிப்பது என்பதில் மாணவர்களுக்குக் குழப்பமே இல்லை. மீட்சி மோதலில் திசைவேகங்களைத் தருவிப்பது ஒன்று, முழு மீட்சியற்ற மோதலில் இயக்க ஆற்றல் இழப்பைக் கணக்கிடுவது இன்னொன்று. மோதல் இரண்டு வகை, வகைக்கு ஒரு சூத்திரம். இதுதான் நம் கற்பிப்பு முறை.

இந்த முறைக்கு உண்மையான வலிமை உண்டு. மோதும் கணத்தில் எவ்வளவு விசை, எவ்வளவு நேரம் செயல்பட்டது என்பது தெரியாமலே, முன்னும் பின்னும் கணக்குப் பார்த்து விடை சொல்லிவிடலாம். 1932இல் சாட்விக் நியூட்ரானை அடையாளம் கண்டது இப்படித்தான். பெரிலியத்திலிருந்து வந்த இனம் தெரியாத கதிர், ஹைட்ரஜன் அணுக்கருவை அதிகபட்சம் நொடிக்கு 33,000 கி.மீ. வேகத்திலும் நைட்ரஜன் அணுக்கருவைச் சுமார் 4,700 கி.மீ. வேகத்திலும் தள்ளியது. மீட்சி மோதல் சமன்பாட்டை இரண்டுக்கும் எழுதி வகுத்தால் கதிரின் வேகம் அடிபட்டுப்போகும்; கதிர்த்துகளின் நிறை மட்டும் மிஞ்சும். அது புரோட்டானின் நிறையைவிடச் சற்றே கூடுதலாக வந்தது. மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் அதே ஐந்து மதிப்பெண் சூத்திரம்தான் இது. இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லாதது பெரிய இழப்பு.

ஆனால் சாட்விக்கிடம் 'இது மீட்சி மோதல்' என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நம் வினாத்தாள் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது. எந்த வகை என்று முடிவெடுக்கும் வேலை மாணவருக்கு வருவதே இல்லை. போதாததற்கு, எஃகுக் குண்டு மீட்சி, களிமண் மீட்சியற்றது என்று வகையைப் பொருளின் மேல் ஒட்டிவிடுகிறோம். அது தவறு. 1914இல் ஃபிராங்கும் ஹெர்ட்ஸும் பாதரச ஆவிக்குள் எலக்ட்ரான்களைச் செலுத்தினார்கள். 4.9 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே மோதல்கள் மீட்சி மோதல்களாகவே இருந்தன; அந்த அளவை எட்டியதும் எலக்ட்ரான் அந்த 4.9ஐ அப்படியே அணுவிடம் இழந்தது. அதே எலக்ட்ரான், அதே அணு! அணு தன் உள்ளே ஆற்றலை வாங்கிக்கொள்கிறதா என்பதுதான் வகையைத் தீர்மானிக்கிறது.

'இழப்பு' என்ற இடத்திலும் அவசரப்படுகிறோம். வெப்பமாகவும் ஒலியாகவும் மாறியது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். ஓய்விலுள்ள பொருள் மீது சம நிறையுள்ள ஒன்று மோதி ஒட்டிக்கொண்டால், வேகம் எதுவானாலும், பொருள் எதுவானாலும், சரிபாதி ஆற்றல் போய்விடுகிறது. ஏன் சரிபாதி? 17ஆம் நூற்றாண்டில் ஹைகன்ஸ், மோதலை ஓடும் படகில் வைத்துக் கரையிலிருந்து பார்த்து ஆராய்ந்தார். அதே வழியில், மோதும் பொருளின் பாதி வேகத்தில் உடன் செல்பவரின் கண்ணால் பார்ப்போம். இரண்டும் எதிரெதிரே சம வேகத்தில் வந்து, ஒட்டி, நின்றுவிடுகின்றன. ஒன்றையொன்று நெருங்கும் இயக்கத்தின் ஆற்றல் முழுவதும் போய்விட்டது; இரண்டும் சேர்ந்து நகர்வதற்கான ஆற்றலை உந்த மாறா விதி தொடவிடாது. இதைக் கரும்பலகையில் விளக்க ஐந்து நிமிடம் போதும்.

பாடத்தின் கடைசியில் கிடக்கும் மீட்சிக் குணகத்தை முதலுக்குக் கொண்டுவரலாம். விலகும் வேகத்துக்கும் நெருங்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் அது. நியூட்டனே ஊசல்களை மோதவிட்டுக் கண்ணாடிக்கு 15/16 என்றும் கம்பளி உருண்டைக்கு 5/9 என்றும் அளந்திருக்கிறார். நடைமுறை மோதல்கள் பெரும்பாலும் இரு எல்லைகளுக்கும் நடுவில்தான் இருக்கின்றன.

கேள்வியையும் மாற்ற வேண்டும். 2 கிலோ வண்டி நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில், நிற்கும் 1 கிலோ வண்டி மீது மோதுகிறது. மோதிய பின் வேகங்கள் 1.5, 3. இது எவ்வகை மோதல்? உந்தம் சரி, 9 ஜூலில் 2.25 குறைகிறது, குணகம் 0.5. அடுத்து, அதே வண்டிகள் 0.5, 5 என்ற வேகங்களில் பிரிவதாகக் கொடுங்கள். இங்கும் உந்தம் சரி, ஆனால் ஆற்றல் 12.75 ஜூல். வண்டிக்குள் அழுத்தி வைத்திருந்த சுருள்வில் ஏதோ விடுபட்டிருக்க வேண்டும் என்று எழுதும் மாணவிக்கு முழு மதிப்பெண் தரலாம்.