இசைந்து கொடுக்கும் கருவி எது?

ஆசிய மரபுக் கருவிகளை மேலைநாட்டு நவீன இசையோடு சேர்க்கும் முயற்சிகள் கடந்த அறுபது ஆண்டுகளில் பெருகியிருந்தாலும், அவற்றைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் ‘சங்கமம்’ என்னும் பாராட்டோடு நின்றுவிடுகிறது. சுருதியாலும் காலப்பிரமாணத்தாலும் வேறுபட்ட கருவிகள் ஒரே மேடைக்கு வரும்போது, எது எதற்காகத் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்பதே இத்துறையில் முதலில் எழுப்பப்பட வேண்டிய வினாவாகும்.

எதுவும் மாற வேண்டியதில்லை என்பது ஜப்பானிய இசையமைப்பாளர் தோரு தாகெமிட்சு கண்ட விடை. நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவின் 125ஆம் ஆண்டு நிறைவுக்காக அவர் இயற்றி, 1967 நவம்பரில் செய்ஜி ஒசாவா நடத்த அரங்கேறிய ‘நவம்பர் ஸ்டெப்ஸ்’ படைப்பில், பிவா என்னும் நரம்புக் கருவியும் ஷாகுஹாச்சி என்னும் மூங்கில் குழலும் மேலை இசைக்குழுவுக்கு எதிரே நிறுத்தப்பட்டன. பிவாவின் நரம்பு அதிரும்போது உடன் எழும் ‘சவாரி’ என்ற இரைச்சல், தம்புராவின் குதிரைமீது நூல் செருகிப் பெறும் ரீங்காரத்துக்கு நெருங்கிய உறவுடையது. ஐரோப்பியக் கருவிகள் நாதத்திலிருந்து களைய முயன்ற இவ்வொலியே ஜப்பானிய மரபில் நாதத்தின் உயிராகக் கருதப்படுகிறது. ஆகவே தாகெமிட்சு இரு மரபுகளையும் குழைக்க முயலாமல், படைப்பின் பிற்பகுதியில் இசைக்குழுவை முற்றிலும் அடக்கிவிட்டு, இரு கருவிகளும் படக்குறியீடுகளைக் கொண்டு பல நிமிடங்கள் தமக்குள் உரையாடும்படி விட்டார். கலப்பிசை வரலாற்றில் இத்தகைய துணிவு அரிது.

சீனத்து நரம்புக் கருவியான பிபாவோ வேறு வழியில் சென்றது. இருபதாம் நூற்றாண்டில், நரம்பை அழுத்தி ஸ்வரம் பிடிக்க உதவும் அதன் மெட்டுகள் கூட்டப்பட்டு, பியானோவைப் போல எட்டு ஸ்வர எல்லை பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பகுக்கப்பட்டது. பட்டு நரம்பின் இடத்தை உலோக நரம்பு பிடித்தது. வூ மேன் என்ற பிபா கலைஞருக்காக இசையமைப்பாளர் லூ ஹாரிசன் 1997இல் இயற்றிய பிபா கன்செர்ட்டோ போன்றவற்றுக்கு இம்மாற்றம் வழி திறந்தது என்றாலும், பழைய மெட்டுகளுக்கே உரிய நுண்ணிடைவெளிகள் அதற்கு விலையாயின.

மேலைக் கருவி ஆசிய இசைக்கு இசைந்து கொடுத்த சான்றாக ‘சக்தி’ குழு விளங்குகிறது. 1976இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட அக்குழுவில் ஜான் மெக்லாஃப்ளின் வாசித்த கிதாரில், நரம்பை அழுத்தி இழுத்துக் கமகம் பிடிப்பதற்காக மெட்டுகளுக்கிடையே மரம் குடையப்பட்டிருந்தது. ஆதார சுருதியை ஒலிப்பதற்குக் கூடுதலாக ஏழு நரம்புகள் குறுக்கே கட்டப்பட்டிருந்தன. எனினும், இந்தியத் தரப்பிலேயே நிகழ்ந்த மாற்றம் இதைவிட ஆழமானது. கர்நாடகக் கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பின் வரிசையில் அமரும் உபபக்கவாத்தியமான கடம், விக்கு விநாயக்ராமின் கையில் ஜாகிர் உசேனின் தபலாவோடு சரிக்குச் சரி நின்றது. ஆனால் அதன் அமைப்பு மாறவில்லை: சூளையில் சுட்ட கடத்தின் சுருதியைப் பெரிதாக மாற்ற இயலாது. அதற்கேற்பப் பிற கருவிகள் கூடுகின்றன, அல்லது வேறு கடம் எடுக்கப்படுகிறது. அதே குழுவில் எல்.சங்கர் வாசித்த வயலினுக்கோ மெட்டே இல்லையாதலால் அது எந்தச் சுருதியையும் தயக்கமின்றித் தொட்டது. செல்லோ கலைஞர் யோ யோ மாவின் முயற்சியால் உருவாகி 2000இல் முதன்முதலாகக் கூடிய சில்க் ரோடு குழுவில் வில்லால் வாசிக்கும் ஈரானியக் கமாஞ்சே செல்லோவோடு எளிதில் பொருந்தியதற்கும் மெட்டின்மையே பெரிய காரணம். மெட்டுள்ள கருவிகளுக்குத்தான் ஒவ்வொரு கூட்டும் ஓர் உடன்படிக்கையாக அமைகிறது.