காட்மியம் அதிர்கிறதா?
அணுக்கரு நூல்களின் பழைய பாடம் ஒன்றைப் பற்றிய ஆய்வு

அணுக்கருவை நீர்த்துளிக்கு ஒப்பிட்டுக் கூறுவது பௌதிக நூலோர் மரபு. துளியைச் சற்றே அசைத்தால் அது ஒரு கணம் நீண்டும் மறுகணம் தட்டையாகியும் அதிர்கிறது. அதுபோலவே உருண்டை வடிவான அணுக்கருவும் சக்தி பெற்றால் அதிரும் என்பது கொள்கை. கோபன்ஹேகன் நகரில் ஆகே போர் 1952-இல் இதற்குக் கணித வடிவம் தந்தார். பென் மொட்டெல்சன் அவருடன் சேர்ந்து இதனை வளர்த்தார். அவ்விருவரும் ஜேம்ஸ் ரெயின்வாட்டரும் 1975-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கொள்கையின் பெருமையில் ஐயமில்லை. ஆனால், அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு எனப் பாடநூல்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டிவந்த காட்மியம் அப்பெயருக்குத் தகுதியுடையதா என்பதே இன்று எழுந்துள்ள வினா.

மூன்று அடையாளங்கள்

அணுக்கரு வேண்டிய அளவிலெல்லாம் அதிர்வதில்லை. ஏணியில் ஏறுவதுபோல் படிப்படியாகவே சக்தியை ஏற்கும். ஒரு படிக்குரிய சக்திப் பங்கைப் ‘போனான்’ என்பர். புரோட்டான்களும் நியூட்ரான்களும் இரட்டைப்படை எண்ணிக்கையில் உள்ள அணுக்கருவில் முதற்படியின் சுழற்சி எண் 2. இரண்டாம் படி அதைப்போல் இரு மடங்கு உயரத்தில் இருக்கும். அங்கே 0, 2, 4 என்ற சுழற்சி எண்களையுடைய மூன்று நிலைகள் ஒன்றுகூடி நிற்கும். இவை இரண்டு அடையாளங்கள்.

மூன்றாவது அடையாளமே முக்கியமானது. மேலே உள்ள நிலை காமாக் கதிரை வெளியிட்டு அடுத்த கீழ்ப்படிக்கே இறங்க வேண்டும். இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்கு இறங்கும் தாவலின் வலிமை, முதற்படியிலிருந்து தரைநிலைக்கு இறங்குவதைப்போல் இரு மடங்காக இருக்க வேண்டும். முதல் இரண்டு அடையாளங்களும் தோற்றத்தைச் சொல்பவை. மூன்றாவதே நடத்தையைச் சொல்வது.

தோற்றமும் நடத்தையும்

காட்மியத்தில் 48 புரோட்டான்கள் உள்ளன. 50 புரோட்டான்களால் கூடு நிறைந்து உறுதியாக நிற்கும் வெள்ளீயத்துக்கு இரண்டே குறைவு. ஆதலால் அது உருண்டையாக இருந்து அதிரும் என எதிர்பார்த்தது இயற்கையே. 1955-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் கெர்ட்ரூட் ஷார்ஃப்-கோல்ட்ஹாபரும் ஜோசப் வெனெசரும் இத்தகைய அணுக்கருக்கள் பலவற்றில் ஏணி அமைப்பின் சாயல் இருப்பதை எடுத்துக்காட்டினர். காட்மியம் 112-ஐப் பார்க்கலாம். அதன் முதற்படி 618 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டு. இரு மடங்கு 1236. அதனருகே 1224, 1312, 1415 என்ற உயரங்களில் 0, 2, 4 என்ற சுழற்சி எண்களோடு மூன்று நிலைகள் உள்ளன. ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்ட இதைவிட அழகான படம் ஏது?

ஆனால் அழகுக்கு அப்பாலும் கண் செல்ல வேண்டும். அதே பகுதியில் 1433, 1469 என மேலும் இரண்டு நிலைகள் உள்ளன. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து! காட்மியம் 114-இலும் இதே கதைதான். மேலும், அந்த அணுக்கருவின் முதற்படி சராசரியில் உருண்டையாக இல்லை என்பதும் 1965-இல் அளந்தறியப்பட்டது. தூய அதிர்வில் அந்த விலகல் சுழியாக இருந்திருக்க வேண்டும்.

மிகுதியாக வந்த நிலைகளுக்கு விளக்கம் ஒன்று கண்டனர். இரண்டு புரோட்டான்கள் 50 என்ற கூட்டின் எல்லையைத் தாண்டி மேலேறுவதால் அவை தோன்றுகின்றன என்றும், இந்த ‘ஊடுருவல் நிலைகள்’ அதிர்வு நிலைகளோடு கலந்துவிட்டதால்தான் கணக்குப் பிசகுகிறது என்றும் கூறினர். ஊடுருவல் உண்மையே. ஆயினும் கலப்பு என்ற சமாதானம் எல்லாக் குறையையும் மூடிவிடவில்லை. 1224 ஊடுருவல் நிலை என்றால் 1433-தான் அதிர்வின் உண்மையான 0 நிலை. அது முதற்படிக்கு வலிமையாக இறங்க வேண்டும். அளந்து பார்த்தபோதோ அத்தாவல் ஏறக்குறைய இல்லை எனும் அளவுக்கு நலிந்திருந்தது.

பால் காரட், ஜான் உட் முதலியோர் 2008-இல் காட்மியம் 110 முதல் 116 வரை ஒப்பிட்டு, இக்குறை ஓர் அணுக்கருவுக்கு மட்டும் உரியதன்று, வரிசை முழுவதும் தொடர்வது என்று காட்டினர். 2019-இல் காரட் குழுவினர் 110, 112 ஆகியவற்றைப் பற்றி வெளியிட்ட ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. மேலே உள்ள 0 நிலைகள் ஒவ்வொன்றின் மீதும் சுழற்சியை ஒத்த தனித்தனி நிலைவரிசைகள் எழுகின்றன. ஒரே அணுக்கருவில் வெவ்வேறு உருவங்கள் அடுத்தடுத்து வாழ்கின்றன என்பது அதன் முடிவு. ஒரு துளியின் பல அதிர்வுகள் என்று எண்ணியவை பல உருவங்களாக மாறிவிட்டன.

மறுபக்கமும் தீர்ப்பும்

எதிர்வாதமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையன்று. 2018-இல் லெவியாதான் முதலியோர், காட்மியம் 110-இல் பெரும்பாலான நிலைகள் அதிர்வின் ஒழுங்கைக் காக்கின்றன, சில நிலைகளே அதனை மீறுகின்றன என்று வாதிட்டனர். ஆனால் 0 நிலை போன்ற அடிப்படையான உறுப்பே ஒழுங்கை மீறும்போது, அக்குடும்பத்தை முன்மாதிரி என்று அழைப்பது பொருந்துமா?

இதனால் அதிர்வுக் கொள்கையே பொய் என்று துள்ளுவதும் தவறு. காரீயம் 208-இன் முதற் கிளர்ச்சி நிலை 2615 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ளது. அது பேரிக்காய் உருவை நோக்கி அசையும் அதிர்வு. தனித்துகள் ஒன்றின் தாவலைவிட முப்பது மடங்குக்கு மேல் வலிமையுடன் தரைநிலையோடு இணைந்தது. தோரியத்தின் சிதைவுத் தொடர் முடியும் இடத்தில் வெளிப்படும் காமாக் கதிர் இந்நிலையிலிருந்து வருவதே. மலேசியாவின் ஈயச் சுரங்கக் கழிவாகிய அமாங் மணலில் உள்ள மோனசைட்டிலும் தோரியம் இருப்பதால், அக்கதிர் இம்மண்ணுக்கும் அந்நியமன்று. முதற்படியில் அதிர்வு இவ்வாறு உறுதிப்பட்ட இடங்கள் உண்டு. இரண்டாம், மூன்றாம் படிகளும் தாமாகவே கிடைத்துவிடும் என்று நம்பியதே பிழை.

குறை முன்னோருடையதும் அன்று. தூய அதிர்விலிருந்து காட்மியம் பெரிதும் விலகுவதைப் போரும் மொட்டெல்சனும் 1975-இல் வெளியிட்ட தம் பெருநூலின் இரண்டாம் பகுதியிலேயே விவாதித்துள்ளனர். அவர்கள் இட்ட எச்சரிக்கையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் பின்வந்த பாடநூலாசிரியர்கள். படிகளின் உயரத்தை மட்டும் காட்டி, தாவல்களின் வலிமையைக் காட்டாத படம் பாதி உண்மையே. இனி அப்படத்தை வரையும் ஆசிரியர் காட்மியத்தின் ஐந்து நிலைகளையும் வரைந்து, ஒவ்வொன்றிலிருந்தும் இறங்கும் தாவல்களின் வலிமையையும் அருகில் எழுதிக் காட்டுவாராயின், மாணவன் ஒரு விடையை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல் ஒரு கொள்கையைச் சோதிக்கும் முறையையும் கற்றுக்கொள்வான்.