மதியத் தூக்கம் யாருக்காக?

மதியச் சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்து, விளக்கை அணைத்து, எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாகப் படுக்கவைப்பது குழந்தைகள் காப்பகங்களின் வழக்கம். இதன் அடிப்படை சரியானதே. இரவும் பகலும் சேர்த்து, ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதினருக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மிகச் சிறு குழந்தைகளால் இதை இரவில் மட்டும் தூங்கி ஈடுகட்ட முடியாது. மதியத் தூக்கம் நினைவாற்றலுக்கும் துணைநிற்கிறது. காலையில் கற்றதை மழலையர் மறக்காமல் வைத்திருக்க அது உதவுகிறது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். ஆனால் அந்தப் பலன் பெரிதும் கிடைத்தது, மதியம் தூங்கும் பழக்கம் உள்ள குழந்தைகளுக்குத்தான்.

வழக்கத்தின் குறை இங்கேதான் தெரிகிறது. விழித்திருக்கும் நேரம் கூடக்கூடத் தூக்கத்தின் தேவை உடலில் சேர்ந்துகொண்டே போகிறது, தூங்கினால் வடிகிறது. கைக்குழந்தைக்கு அது விரைவில் நிரம்பிவிடும் என்பதால் பகலில் பலமுறை தூங்குகிறது. மூன்று, நான்கு வயதில் பலருக்கு அது நிரம்ப மாலைவரை ஆகும். அப்படிப்பட்ட பிள்ளையை மதியத்தில் தூங்கவைத்தால் இரவில் தூக்கம் தள்ளிப்போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டாய ஓய்வு தரும் காப்பகங்களில் இருந்த குழந்தைகள் இரவில் குறைவாகத் தூங்கியதை ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று பதிவுசெய்தது. இத்தகைய ஆய்வுகள் தொடர்பைத்தான் காட்டுகின்றன, காரணத்தை நிறுவிவிடவில்லை. ஆனாலும் உடலின் இயல்போடு அவை ஒத்துப்போவதால் ஒதுக்கித் தள்ள முடியாது. தூக்கம் வராத பிள்ளையை அசையாதே, பேசாதே என்று கிடத்திவைப்பதில் ஓய்வும் இல்லை.

ஓர் ஆயா பல குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும்போது ஆளுக்கொரு நேரம் எப்படிச் சாத்தியம் என்று கேட்கலாம். பாத்திரம் கழுவவும் சற்று உட்காரவும் ஆயாவுக்குக் கிடைப்பதே அந்த ஒரு மணி நேரம்தான். இது நியாயமான கேள்வி. ஆனால் ஆள் பற்றாக்குறையின் விலையைக் குழந்தையின் தூக்கத்திலிருந்து எடுப்பது நியாயமாகாது. கூடுதல் ஆள் கிடைக்கும்வரை செய்யக்கூடியதும் உண்டு. எல்லோரும் சிறிது நேரம் படுக்கட்டும். அதற்குள் தூங்காத பெரிய பிள்ளைகள் அதே அறையின் ஓரத்தில் படப்புத்தகமோ கட்டைகளோ வைத்து அமைதியாக விளையாடட்டும். அறையின் அமைதி கெடாது. ஆயாவின் வேலையும் பெரிதாக அதிகரிக்காது. கைக்குழந்தைகளை மட்டும் கடிகாரம் பார்க்காமல், கண்ணைக் கசக்கும்போது தூங்கவிட வேண்டும்.

இதில் பெற்றோருக்கும் பங்குண்டு. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பக வசதியைக் கட்டாயமாக்கிய இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தச் சட்டம், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்றுவரவும் வழிசெய்தது. சாப்பிட்டானா என்று கேட்பதோடு, எப்போது தூங்கினான், தானாக எழுந்தானா என்றும் அங்கே செல்லும்போது கேட்கலாம். இரவு எப்படித் தூங்கினான் என்பதை ஆயாவுக்குச் சொல்லலாம். மதியத் தூக்கத்தைக் காப்பகங்கள் கைவிட வேண்டியதில்லை. தூக்கம் வரும் குழந்தைக்கு இடமும், வராத குழந்தைக்கு விடுதலையும் தந்தால் போதும்.