யாருடைய கைபேசி, யாருடைய காயம்?

கன்னிவாடியில் இருக்கும் என் சித்தி மகள் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர். ஒரு தை மாத விடியற்காலையில் பழனிச் சாலையிலிருந்து அவள் ஏற்றி வந்த சிறுவன் வழியிலேயே இறந்துபோனான். வீட்டுக்கு வந்தவள் சீருடையை ஊறவைத்தாள், பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றினாள். இரண்டு மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள்: "அக்கா, தூக்கத்துலயும் சைரன் கேக்குது. யார்கிட்டச் சொல்றது?"

அவளுக்காகத்தான் 'பிடிஎஸ்டி கோச்' செயலியை என் கைபேசியில் இறக்கிப் பார்த்தேன். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2011இல் வெளியிட்டது. இலவசம்; கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. உளக்காயம் பற்றிய விளக்கம், பதற்றத்தை அளக்கும் அளவுகோல், மூச்சுப் பயிற்சி, நெருக்கடியில் அழைக்க நாமே சேர்த்துவைக்கும் எண்கள் எல்லாம் உண்டு. நள்ளிரவில் யாரையும் எழுப்பாமல் மூச்சைச் சீராக்கிக்கொள்ள ஒரு கருவி கிடைப்பது சின்ன விஷயமல்ல. அதை மறுக்கவில்லை.

ஆனால் இந்தச் செயலி மனதில் வைத்திருக்கும் மனிதர் யார்? தனக்கென்று ஓர் அறையும் கைபேசியும் உள்ளவர். போர் முடிந்து திரும்பியவர். என் தங்கைக்கு எதுவும் முடியவில்லை, நாளை இரவு மறுபடி பணி. அவள் கைபேசியில் மகன் விளையாடுகிறான். கடவுச்சொல் கணவருக்கும் தெரியும். அழைக்க வேண்டியவர்கள் பட்டியலில் அவள் யாரைச் சேர்ப்பாள்? வீட்டில் சொன்னால் "வேலையை விட்டுடு" என்பார்கள். ஆண் சகாவிடம் சொன்னால் "பொம்பளைங்களுக்கு இது தாங்காது" என்ற பேச்சு வரும். பேசினால் பிழைப்புப் போகும் என்ற பயத்துக்கு எந்த மூச்சுப் பயிற்சியும் மருந்தல்ல.

சக மனிதரின் துணை என்ற எண்ணம் தொழில்நுட்பத்தில் பிறந்ததல்ல. 1970களின் தொடக்கத்தில் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் பேசினார்கள். அதே காலத்தில் அந்நாட்டுப் பெண்களும் குழுக்களாகக் கூடி, வீட்டுக்குள் பட்ட வன்முறையைச் சொல்லத் தொடங்கினார்கள். 1974இல் ஆன் பர்கெஸும் லிண்டா ஹோம்ஸ்ட்ராமும் வல்லுறவுக்குப் பிந்தைய உளக்காயத்தை எழுதினார்கள். பிடிஎஸ்டி என்ற பெயரை அமெரிக்க மனநலக் கையேடு ஏற்றது 1980இல். போர்க்களத்துக் காயத்தையும் படுக்கையறைக் காயத்தையும் அருகருகே வைத்துக் காட்டியது ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூல். தனிமையில் யாரும் மீள்வதில்லை, உறவில்தான் மீள்கிறோம் என்பது அவர் வாதம். செயலி அந்த நோயின் பெயரை எடுத்துக்கொண்டது, வட்டத்தை விட்டுவிட்டது.

நம் நாட்டில் 2022 அக்டோபரில் வந்த டெலி-மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். அவசியமான ஏற்பாடு. ஆனால் மறுமுனையில் இருப்பவர் ஆலோசகர். அதே ஸ்டிரெச்சரின் மறுபக்கத்தைப் பிடித்தவர் அல்ல.

தொலைவில் தேட வேண்டியதில்லை. ஓர் இளம் தலித் தொழிலாளியின் கொலைக்குப் பிறகு, 2022 ஏப்ரலில் கையெழுத்தானது திண்டுக்கல் ஒப்பந்தம். அதன்படி ஆயத்த ஆடை ஆலையில் வேலைசெய்த பெண்களே பயிற்சி பெற்று, சக தொழிலாளிகளின் புகாரை எடுத்துச் சென்றார்கள். பேசியவரைப் பழிவாங்கக் கூடாது என்பது அங்கே வெறும் ஆறுதல் வார்த்தையாக இல்லை, கட்டுப்படுத்தும் விதியாக இருந்தது. தோழமைக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்பதை நம் மாவட்டத்துப் பெண்கள் போராடிப் பெற்றார்கள்.

என் தங்கையும் அவளைப் போன்ற இரண்டு பெண்களும் இப்போது வாட்ஸப்பில் மூவர் குழு வைத்திருக்கிறார்கள். பணி முடிந்ததும் குரல்பதிவு அனுப்புகிறார்கள், கேட்டதும் அழித்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த நல்ல செயலி அதுதான். ஆனால் அதையும் அவர்கள் துணி துவைக்கும் நேரத்தில், தங்கள் சொந்தச் செலவில் நடத்துகிறார்கள். பணிக்குப் பின் அரை மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதும் பணிநேரமே என்று கணக்கில் ஏறும்வரை, கைபேசிக்குள் எத்தனை கருவி வந்தாலும் காயத்தைச் சுமப்பது அவள் ஒருத்திதான்.