கடவுளாயிருத்தல் கடினம்

அறிவியற் புதினம் என்றவுடன், விண்கலங்களும் இயந்திர மனிதர்களும் மலிந்த சிறுவர் கதை என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆயின், அறம் பற்றிய மிகக் கடினமான வினா ஒன்றை அது நெடுங்காலமாக எழுப்பி வருகிறது. அறிவாலும் கருவியாலும் முன்னேறிய சமுதாயம், பின்தங்கிய மற்றொன்றின் துன்பத்தைக் காணுங்கால் என்ன செய்தல் வேண்டும்? குறுக்கிட்டுக் காப்பதா, விலகி நின்று பார்ப்பதா?

'ஸ்டார் டிரெக்' (1966–1969) என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் இதற்கு ஒரு சட்டமே இயற்றியது. பிற உலகத்தாரின் இயல்பான வளர்ச்சியில் தலையிடலாகாது என்பது அது. விதி நன்றே. எனினும், கப்பல் தலைவர் கிர்க்குக்கு அதனை மீற ஏதேனும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. மீறியதன் விலையை அவர் பெரும்பாலும் கொடுப்பதில்லை.

அந்த விலையைக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் சோவியத் எழுத்தாளர்களான ஆர்க்காதி, போரிஸ் ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர்கள். மூத்தவர் ஜப்பானிய மொழி வல்லுநர். இளையவர் வானியல் பயின்றவர். அவர்களது 'கடவுளாயிருப்பது கடினம்' 1964-இல் வெளிவந்தது. இடைக்கால இருளில் மூழ்கிய அயற்கோள் ஒன்றில் ஆர்க்கனார் என்னும் நாடு. பூமியிலிருந்து சென்ற அந்தோன், தோன் ருமாத்தா என்ற பிரபுவின் வேடத்தில் அங்கு வாழ்கிறான். பார்ப்பதே அவன் பணி. அமைச்சன் தோன் ரேபா எழுத்தறிந்தோரை வேட்டையாடுகையில், ஒருசிலரை மறைவாகத் தப்புவிக்கலாமேயன்றி, ரேபாவைத் தொடலாகாது.

இந்நூல் முதலில் வாட்போர் வீரர்களின் களிப்பான கதையாகவே எண்ணப்பட்டது. 1962 டிசம்பரில் மாஸ்கோ ஓவியக் கண்காட்சியில் குருஷ்சேவ் கலைஞர்களைச் சினந்து இகழ்ந்தார். அதன்பின் நூலின் போக்கே மாறியது. ரேபாவுக்கு முதலில் இட்ட பெயர் ரேபியா. பேரியா என்ற பெயரின் எழுத்துகளை இடம் மாற்றினால் அது வரும். ஆகவே, 'பின்தங்கிய நாகரிகம்' என்று இவ்வாசிரியர்கள் தொலைவில் வைத்துக் காட்டியது, தம் வீட்டின் நேற்றைய நாளைத்தான்.

நூலின் உயிர் இரண்டு உரையாடல்களில் உள்ளது. மருத்துவர் புதாக்கிடம், கடவுளைக் கண்டால் என்ன வேண்டுவீர் என ருமாத்தா வினவுகிறான். உணவு முதலாக அவர் கேட்கும் ஒவ்வொன்றும் எவ்வாறு புதிய கேடாக முடியும் என்று எடுத்துக்காட்டுகிறான். இறுதியில் அவர், எங்களை அழித்துப் புதிதாகப் படைத்துவிடு, அன்றேல் எங்கள் வழியில் விட்டுவிடு என்கிறார். இரண்டுக்கும் ருமாத்தாவின் மனம் இசையவில்லை.

இதனினும் கூர்மையானது, கிளர்ச்சித் தலைவன் அராத்தாவின் பேச்சு. அவன் கேட்பது மின்னல் போன்ற ஆயுதம். வென்றால் உன் தோழரே புதிய பிரபுக்களாவர் என்று ருமாத்தா மறுக்கிறான். இந்த மறுப்பில் அறிவு உண்டு. அவமதிப்பும் உண்டு என்பது நம் கருத்து. அராத்தாவின் பதிலோ எதிர்பாராதது. முன்பு தன்னையே நம்பியிருந்தவன், இவ்வாற்றல் உடையோர் இருப்பதை அறிந்தபின் உள்ளம் தளர்ந்துவிட்டான். உதவாத கடவுள் அருகில் நிற்பதே ஒரு தலையீடு ஆகிவிடுகிறது. முடிவில், தான் காதலித்த கீராவை அம்பு வீழ்த்தியதும், விலகி நின்ற அந்தோன் வாளை உருவிக்கொண்டு நகரெங்கும் பிணங்களைக் குவிக்கிறான். விதியை எவ்வளவு காலம் காத்தாலும் அது கையைத் தூய்மையாக வைத்திருக்கவில்லை.

ஆயினும் ஒரு குறை. ஆர்க்கனார் மக்களை நாம் பெரும்பாலும் ருமாத்தாவின் கண் வழியாகவே காண்கிறோம். கீராவுக்கு உயிர்விடுதலையன்றிப் பெரிய பங்கில்லை.

இக்குறையை நிறைப்பது அர்சுலா லெ குவின் எழுதிய 'உலகத்திற்குச் சொல் வனம்' என்னும் குறும்புதினம். வியத்நாம் போர்க்காலத்தில், 1972-இல் வந்தது. அத்ஷி உலகத்தார் மொழியில் காட்டுக்கும் உலகுக்கும் சொல் ஒன்றே. மரம் வெட்ட வந்த பூமியினர் அவர்களை அடிமையாக்குகின்றனர். கொலை வழக்கமறியாத அம்மக்கள் செல்வர் என்பானின் தலைமையில் கொன்று விடுதலை பெறுகின்றனர். இங்கு விழித்துப் பார்க்கும் கண்கள் அவர்களுடையவை. யார் பின்தங்கியவர் என்ற அளவுகோலே தலைகீழாகிறது. பூமியினர் கப்பலேறும்போது, ஒருவரையொருவர் கொல்லத் தெரியாதவர்போல் இனி நடிப்பதில் பயனில்லை என்கிறான் செல்வர். அவர்கள் எடுத்துச் செல்ல இயலாதது அந்த ஒன்றே.