முடிவின் கனம்: பழைய கணினி ஆட்டங்களின் மூன்று மரபுகள்

1970-களின் நடுவில் வில் கிரவுதர் என்ற அமெரிக்க புரோகிராமர் ஒரு குகையைச் சொற்களால் கட்டினார். கென்டக்கியின் மம்மத் குகைக்குள் இறங்கி வழிகளை அளந்து வரைபடம் போட்டவர் அவர். அந்தப் பொந்துகளும் சுரங்கங்களும் படமே இல்லாத திரையில் வெறும் வாக்கியங்களாக வந்து நின்றன. ஸ்டான்போர்டில் இருந்த டான் உட்ஸ் 1977-இல் அதை விரிவாக்கினார். ‘அட்வென்சர்’ என்ற அதன் பெயரே ஒரு மரபின் பெயராகிவிட்டது. இரண்டாவது மரபான ரோல் பிளேயிங் ஆட்டங்களின் தோற்றுவாய், கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974-இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. பென்சிலும் பகடையும் கொண்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. மூன்றாவதான ஸ்ட்ராட்டஜி மரபுக்குத் தாய்வீடு, அறுகோணக் கட்டங்களில் அட்டைச் சில்லுகளை நகர்த்தும் போர்ப் பலகை ஆட்டங்கள்.

1980-க்கும் 2000-க்கும் இடையே இந்த மூன்றிலும் வந்த ஆட்டங்களே எனக்கு உயிர். அவற்றைப் பற்றிப் பேசுகிறவர்களில் சிலருக்குச் சிறுவயதில் ஆடியதெல்லாம் உயர்ந்தது, சிலருக்குக் கடினமாக இருந்ததெல்லாம் உயர்ந்தது. இரண்டையும் நான் அளவுகோலாகக் கொள்வதில்லை. ஒவ்வொரு ஆட்டத்திடமும் நான் கேட்பது இரண்டு கேள்விகள். முடிவெடுக்கும் நேரத்தில் அதற்கு வேண்டிய தகவல் ஆடுகிறவரிடம் இருந்ததா? எடுத்த முடிவின் விளைவை ஆட்டம் மதித்ததா?

அட்வென்சர் மரபில் முதல் கேள்வியிலேயே தோற்றது சியரா பாணி. கென் வில்லியம்ஸ், ராபர்ட்டா வில்லியம்ஸ் தம்பதியின் நிறுவனம் அது. 1980-இல் ‘மிஸ்டரி ஹவுஸ்’ மூலம் அட்வென்சருக்குப் படம் சேர்த்தவர்கள், 1984-இல் ‘கிங்ஸ் குவெஸ்ட்’டில் அந்தப் படத்துக்குள் ஆளை நடக்க வைத்தவர்கள். அந்தப் பெருமை யாராலும் குறைக்க முடியாதது. ஆனால் 1990-இல் வந்த ‘கிங்ஸ் குவெஸ்ட் 5’-ஐப் பாருங்கள். ஊருக்குள் ஒரு பூனை எலியைத் துரத்தி ஓடும். பாலைவனத்தில் கிடந்த பழைய பூட்ஸை அந்தக் கணமே பூனைமேல் எறிந்து எலியைக் காப்பாற்ற வேண்டும். தவறினால், வெகுநேரம் கழித்து உங்களைக் கட்டிப்போடும்போது கயிற்றைக் கடித்து அறுக்க எலி வராது. ஏன் சாகிறோம் என்று தெரியாமலே சாக வேண்டியதுதான். பேக்கரியில் வாங்கும் ‘பை’ என்ற பலகாரம் இன்னொரு பொறி. பனிமனிதன் முகத்தில் வீச வேண்டிய பண்டம் அது. பசியில் தின்றுவிட்டால் ஆட்டம் அங்கேயே முடங்கிவிடும், முடங்கியது என்ற சேதிகூட வராது. இதைக் கடினம் என்று புகழ்கிறவர்கள் உண்டு. நான் இதைத் தகவல் மறுப்பு என்பேன்.

இதற்கு எதிர்ப்பாணி லூகாஸ்பிலிம் கேம்ஸில் பிறந்தது. ‘மேனியாக் மேன்ஷன்’ (1987) செய்த ரான் கில்பர்ட், 1989-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அட்வென்சர்களின் குறைகளை வரிசையாக எடுத்து வைத்தார். செத்துச் செத்துக் கற்கும்படி ஆடுகிறவரை விடக்கூடாது என்பது அதன் சாரங்களில் ஒன்று. மறு ஆண்டே ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ வந்தது. அதன் வாள்சண்டை இந்த மரபின் சிகரம். வெற்றி வாள்வீச்சில் இல்லை, வசவிலும் பதில் வசவிலும் இருக்கிறது. எதிராளி சொல்லும் வசவுக்குப் பொருத்தமான பதில் உங்களுக்குத் தெரியாவிட்டால் தோற்பீர்கள். தோற்கும்போதே அந்த வசவு உங்கள் கைக்கு வந்துவிடும். அதை அடுத்தவனிடம் வீசினால் அவன் வாயிலிருந்து பதிலும் கிடைக்கும். தோல்வியே பாடமாகும் இந்த ஏற்பாட்டுக்கு இணையாக வேறொன்றை நான் கண்டதில்லை. ஆனால் இந்தப் பாணியும் ஒன்றை இழந்தது. எதைச் செய்தாலும் கெட்டுப்போகாது என்று தெரிந்தபின், எல்லாப் பொருளையும் எல்லாப் பொருளோடும் உரசிப் பார்ப்பதே ஆட்டமாகிவிடுகிறது. இரண்டாவது கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

1993-இல் மில்லர் சகோதரர்கள் தந்த ‘மிஸ்ட்’ அமைதியானது, அழகானது, நேர்மையான தடயங்கள் கொண்டது. 2002-இல் ‘தி சிம்ஸ்’ முந்தும்வரை விற்பனையில் கணினி ஆட்டங்களின் முதலிடம் அதனுடையது. மதிக்கிறேன், திரும்பத் திரும்பப் போகத் தோன்றுவதில்லை.

ரோல் பிளேயிங் மரபில் 1981 ஒரே ஆண்டில் இரு குலங்களைத் தந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் உட்ஹெட்டும் எழுதிய ‘விசார்ட்ரி’ ஒன்று. ரிச்சர்ட் கேரியட்டின் ‘அல்டிமா’ மற்றொன்று. விசார்ட்ரியில் உங்கள் ஆள் செத்தால் அந்தச் சாவு டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும். கோயிலில் காசு கொடுத்து உயிர்ப்பிக்கலாம். அது பலிக்காவிட்டால் உடல் சாம்பலாகும், சாம்பலும் பலிக்காவிட்டால் அவர் இல்லை. இவ்வளவு தெரிந்துதான் ஒவ்வொரு கதவையும் திறக்கிறோம். இரண்டு கேள்விகளுக்கும் நேராக நின்று பதில் சொல்லும் ஆட்டம் அது.

ஆனாலும் என் மனம் 1985-இல் வந்த ‘அல்டிமா 4’ பக்கமே சாய்கிறது. கொல்ல வேண்டிய பெருவில்லன் அதில் கிடையாது. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு அறங்களில் தேறி அவதார் ஆவதே இலக்கு. மூலிகை விற்பவர் ஒருவர் கண் தெரியாதவர். கொடுத்த காசை நீங்களே எண்ணிச் சொல்ல வேண்டும். குறைத்துக் கொடுத்தால் அவருக்குத் தெரியாது, ஆட்டமும் வாய் திறக்காது. ஆனால் உங்கள் நேர்மைக் கணக்கு இறங்கியிருக்கும். இங்கே தகவல் மறைக்கப்படுகிறதே என்று கேட்கலாம். மறைக்கப்படுவது கணக்கின் எண் மட்டும்தான். ஏமாற்றுகிறோம் என்பது ஏமாற்றுகிறவருக்கு முழுமையாகத் தெரியும். சியராவின் எலிக்கும் இந்த மூலிகைக் கடைக்கும் உள்ள தூரம் அதுதான்.

விசார்ட்ரியும் அல்டிமாவும் ஜப்பானுக்குப் போய் அங்கே புதிய பாணியைப் பெற்றன. யூஜி ஹோரியின் ‘டிராகன் குவெஸ்ட்’ (1986) சாவை மென்மையாக்கியது. விழுந்தால் பாதிப் பணம் போகும், சேர்த்த அனுபவம் போகாது. குழந்தையும் ஆடலாம், ஆனால் விழுந்தது விழுந்ததுதான். மிக நுட்பமான சமரசம் அது. அமெரிக்காவில் ‘ஃபால்அவுட்’ (1997) வேறு திசையில் போனது. தண்ணீர் சுத்திகரிப்புச் சில்லைத் தேடிக் கொண்டுவர 150 நாள் தவணை. ஆரம்பத்தில் அறிவுக்கு மிகக் குறைந்த புள்ளி வைத்தால் உங்கள் ஆளுக்கு ஒழுங்காகப் பேசவே வராது. ஊர் உலகம் உங்களை அப்படியே நடத்தும். ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ (1999) சாகாத நாயகனைக் கொண்டது. அதில் வலிமையைவிட ஞானமும் அறிவும் அதிகம் கதவு திறக்கும். எழுத்தில் அதற்கு நிகரில்லை; சண்டையில் அது சுமார். ‘பால்டர்ஸ் கேட்’ (1998) புகழ்பெற்றது என்றாலும், சேவ் செய்து, தோற்று, மறுபடி லோடு செய்து கடக்கும் பழக்கத்தை அது அளவுக்குமீறி வளர்த்தது என்பது என் குறை.

மூன்றில் மூப்படையாதது ஸ்ட்ராட்டஜிதான். விதிகள் கண்முன் கிடப்பதே காரணம். சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கிய ‘சிவிலைசேஷன்’ (1991) இந்த மரபின் பொதுவாசல். அதில் வரும் காந்தி அணுகுண்டு வீசுவது ஓர் எண் பிழையால் என்ற கதை உலகெங்கும் பரவியது. அப்படியொரு பிழையே இல்லை என்று மெயர் 2020-இல் தம் நூலில் எழுதிவிட்டார். உண்மையான குறை வேறு. ஈட்டி ஏந்திய பழங்காலப் படை போர்க்கப்பலை வீழ்த்திவிடும்! 1996-இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் அது திருந்தியது. ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ (1993) இன்னும் கூர்மையானது. ஒவ்வொரு முறை ஆடும்போதும் சில தொழில்நுட்பங்கள் உங்கள் இனத்துக்கு எட்டவே எட்டாது. மனப்பாடம் செய்த திட்டம் செல்லாது, கையில் உள்ளதை வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

1994-இல் ஜூலியன் கோலப் தந்த ‘எக்ஸ்-காம்’ ஆட்டத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். ஒவ்வொரு சுடுதலுக்கும் முன்னால் குறியின் சதவீதம் திரையில் நிற்கும். வீரர்களுக்குப் பெயர் உண்டு, பதவி உயர்வு உண்டு. செத்தவர் திரும்பி வருவதில்லை. அதன் பழைய டாஸ் பதிப்பில் ஒரு கோளாறு இருந்தது. எந்தக் கடின நிலையில் தொடங்கினாலும், சேவ் செய்ததை லோடு செய்ததும் மிக எளிய நிலைக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கியும் அந்த ஆட்டம் நடுங்க வைத்தது என்றால் கட்டுமானத்தின் பலத்தைப் புரிந்துகொள்ளலாம்.

‘டூன் 2’ (1992) தொடங்கிவைத்த ரியல்-டைம் பாணியில் முடிவின் கனத்தைவிட விரல்களின் வேகம் வெல்கிறது. ‘ஸ்டார்கிராஃப்ட்’ (1998) மட்டும் விலக்கு. இதே பாணியைச் சேர்ந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-இன் 2022 விரிவாக்கத்தில் ராஜேந்திர சோழன் வருகிறார். தமிழ் வாசகர்கள் அந்த வழியாக இந்தப் பாணிக்குள் நுழையலாம்.

அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் அறிவித்தது. பழைய ஆட்டங்களை இன்றைய கணினிகளில் ஓடவைக்கும் ஸ்கம்விஎம், டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருள்களைச் சம்பளமில்லாமல் எழுதிப் பராமரிக்கிறவர்களால்தான் அவற்றில் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அல்டிமா 4 இப்போது ஜிஓஜி தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள், பிறகு எக்ஸ்-காம் ஆடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். ஒரு வீரர் செத்தால், தயவுசெய்து, பழைய சேவ் கோப்பை லோடு செய்து அவரை எழுப்பாதீர்கள்.